மூன்றாவது டெராபைட்

கணினிக்கு ஓர் எல்லை உண்டு என்று சொன்னால், தன்னையே மட்டம் தட்டியதாக எடுத்துக்கொள்ளும் இனம் ஒன்று நம்மிடையே உலவுகிறது. உங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். எங்கள் குடும்பத்தில் அவர் அக்கா வீட்டுக்காரர்.

இணையம் வராவிட்டாலும், மின்விசிறியில் தூசி அடைத்திருந்தாலும், பிரிண்டரில் காகிதமே இல்லாவிட்டாலும், கணினிப் பெட்டியில் காதை வைத்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்கி, "ராம் மெமரி பத்தலை" என்பார். வைத்தியம் ஒன்றுதான், நோய்தான் மாறிக்கொண்டே இருக்கும்.

என் மனைவி வெள்ளிக்கிழமை தன் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். நான்கு வருட உழைப்பு. பக்கங்கள் கொஞ்சம் மெதுவாக நகர்கின்றன என்று மாமா காதுபட முனகியதுதான் அவள் செய்த ஒரே தவறு.

பெட்டியைத் திறந்து பார்த்த கடை மெக்கானிக், இந்த மதர்போர்டு எட்டு ஜிபி ராமுக்கு மேல் ஏற்காது, உள்ளே இருக்கும் பழைய விண்டோஸோ நாலைக்கூடத் தாண்டாது என்று பொறுமையாகச் சொன்னார். மாமா கேட்பாரா? "ஏத்துக்காம எங்க போயிடும்?" என்று வேறு கடையில் பதினாறு வாங்கி வந்து செருகினார். கணினி நாலு தரம் கத்திவிட்டு மூச்சை நிறுத்தியது. கம்பெனிக்காரன் வேண்டுமென்றே பூட்டி வைத்திருக்கிறான் என்றார்.

பழைய ராமையே திரும்பச் செருகிவிட்டு, ராமில் விட்டதை ஹார்ட் டிஸ்கில் பிடிக்கக் கிளம்பினார். ஆய்வேடு பிடித்த இடமோ நாலைந்து புகைப்படங்களின் அளவு. அதற்கு மூன்று டெராபைட்டில் புது டிஸ்க். எல்லாவற்றையும் அதில் நகலெடுத்தார், வேகம் வேண்டுமென்று பழைய டிஸ்கை முழுக்க அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டார். பிறகுதான் கவனித்தார்: புது டிஸ்க் இரண்டு டெராபைட் மட்டுமே காட்டியது.

சோறு இறங்கவில்லை மனிதருக்கு. மெக்கானிக்குக்குப் போன் போட்டார். டிஸ்கைப் பிரித்திருக்கும் பழைய முறைக்கு இரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாது, முறையை மாற்றினால் மூன்றும் தெரியும், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்றார் அவர். மூன்றும் தெரியும் என்பது காதில் விழுந்ததுமே மாமா போனை வைத்துவிட்டார்.

மாற்றினார். மூன்றும் தெரிந்தது. அத்தனையும் காலி.

பேராசிரியரிடம் ஆரம்பத்தில் கொடுத்த இரண்டு இயல்கள் மட்டும்தான் இனி மிச்சம். என் மனைவி அழக்கூட இல்லை, திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா அவள் தோளைத் தட்டினார்.

"எவ்வளவு இடம் கிடக்கு பாரும்மா. இனி தாராளமா எழுதலாம்."

சிரிக்கிறீர்களா? நல்லது. போன வாரம் தங்கையின் மடிக்கணினியை "ஒரு நிமிஷம் கொடு, வேகமாக்கித் தர்றேன்" என்று வாங்கினீர்களே, அவள் ஏன் இன்னும் உங்களிடம் பேசவில்லை?