ஆகாயத்தில் கல் தோண்டும் மாப்பிள்ளை

கட்டுகஸ்தோட்டை,
ஞாயிறு, அஸர் தொழுத பின்.

பெருமதிப்புக்குரிய நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் தம்பி தாஸிம் எழுதுவது. இங்கே நானும் ரபீகாவும் மகள் ஷிபானாவும் சுகம்; நாவலப்பிட்டியில் நீங்களும் மதினியும் அப்படியே இருக்க துஆச் செய்கிறோம். போனில் சொன்னால் உங்களுக்குக் கேட்பதில்லை, எனக்குத் தொண்டை கட்டிவிடுகிறது, ஆகவே கடிதம்.

ஷிபானாவுக்குக் கம்பளையில் ஒரு மாப்பிள்ளை, பெயர் ருஷ்தி, எஞ்சினியர், வெளிநாட்டுச் சுரங்கக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறார் என்று தரகர் ரிஸ்மி சொன்னதும், முப்பது வருடம் மாணிக்கக்கல் வியாபாரம் செய்தவனுக்கு இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும் என்று அன்றைக்கே சம்மதித்துவிட்டேன். பெண் பார்க்க வந்த அன்று, "சுரங்கம் எங்க ஈக்குது மகன்? எலஹெரயா, ரத்னபுரயா?" என்று கேட்டேன். பிள்ளை விரலால் மேலே காட்டினார். நான் கூரையைப் பார்த்தேன். ரபீகா மின்விசிறியைப் பார்த்தாள்.

"ஆகாயத்துல மாமா. சூரியனைச் சுத்துற கல்லுகள்ல" என்றார். எப்போது திறந்தது என்றேன். இன்னும் திறக்கவில்லையாம், இருபது வருடம் ஆகலாமாம். முதலில் என்ன எடுப்பீர்கள் என்றால் தண்ணீராம், அதைப் பிரித்து ராக்கெட்டுக்கு எரிபொருளாக்கி அங்கேயே விற்பார்களாம். "மகாவலி ஆறு வீட்டுக்குப் பின்னால ஓடுது, தண்ணிக்கு ஆகாயத்துக்குப் போறதா?" என்று ரபீகா கேட்டாள். அதோடு எழுந்திருக்கலாம் என்றால், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கல்லும் மண்ணும் பற்றிப் புவிச்சரிதவியல் படித்த நம் மகள் ஷிபானா, அந்தக் கல்லில் என்ன உலோகம், எவ்வளவு ஆழம் என்று தொடங்கி இரண்டு மணி நேரம் பேசினாள். பரிமாறிய வட்டிலப்பம் யாரும் தொடாமல் தண்ணீர் விட்டது. நானும் சும்மா இருக்காமல், "காணிக்காரன் யாரு? லைசன் யாரு தாற? பக்கத்துக் குழிக்காரன் சண்டைக்கு வந்தா?" என்றேன். அவர் தலையைச் சொறிந்து, "அந்தச் சட்டமெல்லாம் இன்னும் ஒழுங்கா வரல்ல மாமா. சில நாடு எடுத்தவனுக்குச் சொந்தம்னு சொல்லுது, மத்த நாடுகள் ஒத்துக்கல்ல" என்று உண்மையைச் சொன்னார். பிள்ளை நல்ல பிள்ளை, தொழில்தான் ஆகாயத்தில் தொங்குகிறது என்று விளங்கிவிட்டது.

ஆகவே போன வாரம் அவரை வேனில் ஏற்றி, எலஹெரயில் எனக்குத் தெரிந்தவரின் குழிக்குக் கூட்டிப் போனேன். ஏணியில் இறங்கும்போதே காலில் போட்டிருந்த சப்பாத்து ஒன்று சேற்றில் போயிற்று, பிறகு கண்ணாடி போயிற்று, கடைசியில் பிள்ளையின் பாதி போயிற்று. நாலு பேர் இழுத்தோம். மேலே வந்தபோது கையில் வேர்க்கடலை அளவில் ஒரு நீலக்கல். விலை போகாத கல்தான். அதை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தபடி, "ஆறு வருஷமா கல்லோட வேல செய்றன் மாமா. ஒரு கல்லயும் கையால தொட்டதில்ல" என்றார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வியாழக்கிழமை அந்த வேலையை விட்டு, எங்கள் மாணிக்கக்கல் கடைக்கு வேலைக்கு வந்துவிட்டார்.

இப்படியாக அந்தக் கம்பெனியின் பிடியிலிருந்து குடும்பத்தை மீட்டுவிட்டேன். அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். நீங்கள் முன்னின்று நடத்தித் தர வேண்டும். உங்கள் துஆவில் எங்கள் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தம்பி தாஸிம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஷிபானா வந்தாள். ருஷ்தி விட்ட இடத்துக்கு அவரே அவள் பெயரைச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமையே கம்பெனி அவளைப் பேசிப் பார்த்து எடுத்துவிட்டதாம். கலியாணம் முடிந்ததும் ஆறு மாதப் பயிற்சிக்கு லக்சம்பர்க் என்ற குளிர் தேசத்துக்குப் போக வேண்டுமாம், அவரும் கூடப் போகிறாராம். நன்றாக ஏசுவதற்கு வாயைத் திறந்தேன். அவள் என் கதிரைக்குப் பக்கத்தில் தரையில் குந்தி, "வாப்பா, எனக்கே கொஞ்சம் பயமாத்தான் ஈக்குது" என்றாள். "என்ன பயம்? நல்ல தொழில் மகள், போய்ட்டு வா" என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன், நானா. ஆகவே வரும்போது உங்கள் துணிக்கடையிலிருந்து தடித்த குளிர்ச்சட்டை இரண்டு கொண்டு வாருங்கள்.