தக்காளிக் கால்வாயில் வேகக் கட்டுப்பாடு

அன்புத் தங்கை லோன் டின்னுக்கு, இன்லே ஏரியிலிருந்து அக்கா ஞோ மியா எழுதுவது. உன் உடம்புக்கும் மனதுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று பகோடாவில் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே எல்லாரும் சுகம். தக்காளியும் சுகம்.

நம் பேத்தி யமோனுக்கு யாங்கோனில் துணிக்கடை வேலை பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். அவள் வரமாட்டாள். ஏன் என்று சொல்கிறேன், உட்கார்ந்து படி.

இன்ஜின் படகுகள் பறக்கிற பறப்பில் அலை அடித்து, மிதக்கிற தோட்டங்களைக் குத்தி நிறுத்தியிருக்கும் மூங்கில் கழிகள் பிடுங்கிக்கொள்கின்றன, ஒருத்தர் தக்காளி இன்னொருத்தர் வாசலுக்குப் போய்விடுகிறது. எங்கள் பாத்தி ஒருநாள் பக்கத்து வீட்டுச் சமையலறையை ஒட்டிப் போய் நின்றது, அவர்கள் சன்னலில் கைநீட்டிப் பறித்துக் குழம்பே வைத்துவிட்டார்கள், கேட்டால், ‘அதுவாத்தான் வந்துச்சு அக்கா’ என்கிறார்கள். அதனால் ஊர்ப் பெரியவர் ஊ தௌங் கூட்டம் போட்டு, தோட்டக் கால்வாய்க்குள் வேகம் கூடாது என்று சட்டம் வைத்தார். கால்வாய் வாயில் ஒரு கழி, அதில் சிவப்புக் கோடு. அலை கோட்டை நனைத்தால் படகில் வந்தவர் ஏரியடியிலிருந்து ஒரு படகு நிறையப் பாசி அள்ளி வந்து தோட்டத்துக்கு உரமாகப் போட வேண்டும். சொந்தபந்தத்தோடு யார் சண்டை போடுவது என்று காவலுக்கு ஒரு ஆணும் வரவில்லை. யமோன் வந்தாள். திருவிழா வரை பார்ப்போம், ஒரு படகைத் தப்பவிட்டாலும் வேலை போய்விடும் என்றார்கள்.

நேற்று திருவிழாப் பந்தயப் படகு பழக வந்தது. நீளப் படகு, இரண்டு வரிசை ஆம்பளைகள், ஒரு காலில் நின்றுகொண்டு மறு காலைத் துடுப்பில் சுற்றி, ஒரே மூச்சில் உந்தி, இன்ஜின் தோற்றுப்போகிற வேகத்தில் கால்வாய்க்குள் நுழைந்தார்கள். முன்னால் நின்று தாளம் போட்டவர் அதே ஊ தௌங். கோடு முழுகிப்போனது. நம் பிள்ளை தன் சின்னப் படகைக் குறுக்கே போட்டுச் சிவப்புத் துணியை உயர்த்தினாள். வாசலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த நான் எழுந்து நின்றுவிட்டேன்.

‘வழி விடு பாப்பா. சட்டம் இன்ஜினுக்கு. இது காலு.’

‘தண்ணிக்கு அது தெரியாது மாமா. கோடு நனைஞ்சிருச்சு.’

‘சட்டம் போட்டதே நான்தாம்மா.’

‘அப்ப உங்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டாம்.’

பின்னாலிருந்து ஒருத்தன், ‘தலைவரே, சீக்கிரம் முடிங்க, நிக்கிற காலு மரத்துப்போச்சு’ என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நிற்கிறார்கள், அலை மெல்ல மெல்ல அடங்குகிறது, மலை முழுசும் தலைகீழாகத் தண்ணீருக்குள் வந்து நின்றது, அதன் நடுவே இவள். நான் தூக்கி வளர்த்த பிள்ளைதானா என்று இருந்தது. கையைக் கூப்பிவிட்டேன், யாரைப் பார்த்துக் கூப்பினேன் என்று எனக்கே தெரியாது.

ஊ தௌங் தாளத்தைக் குறைத்தார், அவள் தன் படகை விலக்கினாள். ஒரு தக்காளி இலைகூட அசையாமல் படகு கடந்தது. இன்று காலையில் அவரே பாசியோடு வந்து, ‘காவலுக்கு இனி இவதான்’ என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் துணிக்கடையை வேறு யாருக்காவது கொடு. ஐந்தாம் வகுப்போடு நின்ற என் வீட்டில் ஏரியையே நிறுத்துகிறவள் பிறந்திருக்கிறாள். பாட்டியே வந்தாலும் பாராத நேர்மை. உன் பிள்ளைகளுக்கும் அப்படியொரு பேர் வாய்க்கட்டும். நீ நெடுநாள் நோயில்லாமல் இரு.

அக்கா,
ஞோ மியா

பின்குறிப்பு: இதைச் சந்தையில் தபாலில் சேர்க்கப் புறப்பட்டேன். நேரமாகிறதே என்று படகுக்காரரைக் கொஞ்சம் விரட்டினேன். கோடு நனைந்துவிட்டது. ‘நான் உன் பாட்டிடி’ என்றேன். ‘தெரியும் பாட்டி. அதான் ரெண்டு படகுப் பாசி கேக்கலாமான்னு யோசிக்கிறேன்’ என்றாள், சந்தைச் சனம் அத்தனையும் பார்க்க. இடுப்புவரை நனைந்து, முதல் படகை நிரப்பிவிட்டு எழுதுகிறேன். அந்தத் துணிக்கடை வேலை இன்னும் காலியாக இருந்தால் உடனே பதில் போடு. அவளுக்கு இல்லை, எனக்கு.