கேமராவுக்கு ஏற்ற சமையலறை

"என் மகள் எதையும் இரண்டாம் தடவை கேட்க மாட்டாள். இரண்டாம் தடவை..."

கல்யாண விருந்தில் மாமனார் கோப்பையை உயர்த்திச் சொன்னதில் இவ்வளவுதான் டெல்மருக்கு நினைவிருந்தது. மிச்சத்தை அக்கார்டியன் வாத்தியச் சத்தம் விழுங்கிவிட்டது. அப்புறமாவது கேட்டுவைத்திருக்கலாம். மாமனார் அமெரிக்காவின் ஒஹையோ மண்ணுக்குள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

2008 இலையுதிர் காலத்தில் டெல்மரை இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு கோவாக் என்பவரின் குடும்பம் வீட்டுக்கடன் தவணை கட்ட முடியாமல் வீட்டை விட்டுப் போயிருந்தது. டெல்மருக்கும் அதே ரகக் கடன்தான், வட்டி தானாக ஏறுகிற ரகம். பயந்துபோய், கடன் கொடுத்த வங்கியைக் கூப்பிட்டான். "அதை எப்பவோ வித்துட்டோமே சார்" என்றார்கள். வாங்கியவர்களைக் கூப்பிட்டான். கடனைத் துண்டு துண்டாக்கி உலகச் சந்தையில் விற்றாகிவிட்டதாம். "யாருக்கு?" "அது எங்களுக்கே தெரியாது சார்."

அப்படியானால் வீடு இப்போது யார் கையில்? பல் தேய்க்கும்போதும் இதே யோசனை. குளியலறை ஒரு நார்வேக்காரரிடமும் மாடிப்படி ஒரு ஜப்பான்காரரிடமும் இருக்குமோ? வட்டியைக் கொஞ்சம் குறையுங்கள் என்று யாரிடம் போய்க் கெஞ்சுவது?

நாட்டின் அடுத்த அதிபரிடமே கேட்டுவிடுவது என்று டெல்மர் சபதம் எடுத்தான். அதொன்றும் நடக்காத காரியமில்லை. தேர்தல் நெருங்கியிருந்தது; ஒஹையோ எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாததால் இரண்டு வேட்பாளர்களும் தபால்காரரைவிட அதிகமாக அங்கே வந்துபோன காலம் அது. டெல்மரின் கட்சி வேட்பாளர் வீட்டுக்கடனில் தவிக்கும் ஒரு குடும்பத்தின் சமையலறையில் உட்கார்ந்து, கேமராக்களுக்கு முன்னால் காப்பி குடிக்கப் போகிறாராம். டெல்மர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தான். வெள்ளிக்கிழமை வந்து வீட்டைப் பார்க்கிறோம் என்று பதில் வந்தது.

"வரட்டுமே" என்றாள் அவன் மனைவி நோரீன், முட்டையைத் திருப்பிப் போட்டபடி. "ஆனா டெல், நம்ம வீட்டைப் பார்த்தா வீடு போயிடுமோன்னு பயப்படுறவங்க வீடு மாதிரியா இருக்கு?"

"ஏன், எப்படி இருக்கு?"

"வசதியா இருக்கு. எல்லா அலமாரிக்கும் கதவு இருக்கே."

டெல்மர் நிமிர்ந்து பார்த்தான். இருந்தது. அவன் அம்மா காலத்து அலமாரிகள், கரும்பழுப்பு நிறம். முழங்காலால் ஓர் இடி கொடுத்தால்தான் மூடும். கல்யாணமான புதிதில் நோரீன் ஒரே ஒரு தடவை, இதை மாற்றலாமா என்று கேட்டாள். வசந்தம் வரட்டும் என்றான். புது மரமும் தரைக்கு ஓடுகளும்கூட வாங்கினான். வசந்தங்கள் வந்து வந்து போயின. மரம் கராஜில் படுத்துக்கொண்டது, கார் வெளியே பனியில் படுத்துக்கொண்டது.

"ஒரு கதவைக் கழட்டிட்டா?"

"ஐயோ, உங்கம்மா அலமாரி. நான் ஒண்ணும் சொல்லல."

கழற்றினான். நோரீன் தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஒண்ணு மட்டும் இல்லேன்னா ஏதோ ரிப்பேர் நடக்குற வீடு மாதிரி தெரியுது. மத்தபடி, நான் ஒண்ணும் சொல்லல."

எல்லாக் கதவும் கழன்றன. கதவு போனதும் அலமாரிகள் பல்லிளித்தன; அவற்றையும் பெயர்த்தான். அலமாரி இருந்த இடத்தில் தரையில் ஒட்டிய லினோலியம் விரிப்பு மட்டும் புதுசாகப் பளபளத்தது.

"தரை பணக்காரத்தனமா இருக்கே" என்று அவனே சொல்லிக்கொண்டு, அதையும் உரித்தான். நோரீன் முகம் சுளிக்காமல் காப்பிமேல் காப்பி கொடுத்தாள். அப்போதே அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பிரச்சாரக் குழுவிலிருந்து டாரா என்ற பெண் வந்தாள், கைக்கு ஒரு போனாக. வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இங்க என்ன சார் ஆச்சு?"

"பொருளாதாரம்" என்றான் டெல்மர், குரலைத் தாழ்த்தி.

"சார், போயிடுமோன்னு ஜனங்க பதறுற மாதிரி ஒரு சமையலறை வேணும். இதைப் பார்த்தா போனா போகட்டும்னுதான் சொல்வாங்க."

"எதிர்வீட்டு பெர்னிஸுக்கும் இதே கடன்தான்" என்றாள் நோரீன் சாவகாசமாக. "மஞ்சள் திரை போட்டிருக்கா. காலை வெயில் நேரா மேசையில விழும்."

"அவ எதிர்க்கட்சிக்காரி!" என்று டெல்மர் கத்தினான். "அவ புல்வெளியில நட்டிருக்கிற கட்சிப் பலகையைப் பாருங்க!"

"பலகைதானே, ஒருநாளைக்கு கராஜுக்குள்ள இருக்கும். பெர்னிஸ்கிட்ட பேசியாச்சு" என்றாள் நோரீன்.

அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று டெல்மர் வீம்பு பிடித்தான். ஆகவே வேட்பாளர் தெருவுக்கு வந்த காலையில், வெறும் பலகைத் தரையில் நின்றபடி சின்ன டிவியில் பார்த்தான். மேசையின் ஒரு பக்கம் பெர்னிஸ். இன்னொரு பக்கம், நீல கவுன் போட்டுக்கொண்டு, நோரீன்.

"என் வீட்டுக்காரர் தூக்கமில்லாம யோசிக்கிற கேள்வி இது" என்றாள் அவள், அந்த நாட்டின் அத்தனை டிவிகளிலும். "எங்க வீடு இப்ப யார்கிட்ட இருக்கு?"

டெல்மர் டிவியின் சத்தத்தைக் கூட்டினான். வேட்பாளர் நெற்றியைச் சுருக்கினார். மிக நல்ல கேள்வி என்றார். பிறகு இன்னொரு துண்டு ஆப்பிள் கேக் எடுத்துக்கொண்டார்.

நோரீன் கேக் கொண்டுபோன காலித் தட்டோடு திரும்பினாள். அதை வைக்க இடம் தேடினாள். இல்லை. ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"கேமரா போனப்புறமாவது பதில் சொன்னாரா?"

"அவருக்கும் தெரியல டெல். கேக் யார் செஞ்சதுன்னு மட்டும் விசாரிச்சார்."

டெல்மர் சுற்றிலும் பார்த்தான். ஆணி நீட்டிக்கொண்டிருந்த சுவர், பெயர்ந்த தரை, நடுவில் தனியாக ஒரு அடுப்பு.

"நோரீன், கராஜ்ல இருக்குற மரத்தை எடுத்து இதை முடிச்சிடட்டுமா?"

"உனக்கு இஷ்டம்னா செய். நான் ஒண்ணும் சொல்லல."

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"நம்ம கல்யாணத்துல உங்கப்பா ஏதோ சொன்னாரே, நீ எதையும் இரண்டாம் தடவை கேட்க மாட்டேன்னு. அதுக்கப்புறம் என்ன சொன்னார்?"

"அதுவா?" நோரீன் காதணியைக் கழற்றினாள். "இரண்டாம் தடவை எதிராளியே வந்து கேட்பான்னார்."

மேல் அலமாரிகளிலிருந்து தொடங்குவது என்று டெல்மர் முடிவு செய்தான்.