ஓஷிக்கு ஆங்கிலத்தில் என்ன?

ஹில்கேயின் மேசைமீது இரண்டு துண்டுச் சீட்டுகள் கிடந்தன. ஒன்று காலையில் அப்பா வைத்துவிட்டுப் போனது. மற்றது மத்தியானம் மாமனார் வைத்துவிட்டுப் போனது. அப்பாவின் சீட்டில் 'ஓஷி' என்று ஒரே ஒரு வார்த்தை. மாமனாரின் சீட்டில் 'கவென்ட்ஸ்மான்' என்று ஒரே ஒரு வார்த்தை. இரண்டுக்கும் வெள்ளிக்கிழமைக்குள் ஆங்கிலம் வேண்டும். அந்தப் பக்கத்து ஆளுக்கு இது தெரியவே கூடாது என்று இருவரும் வாசலில் நின்று தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

இரண்டும் ஒரே கல்லின் பெயர் என்பதுதான் சங்கடம்.

அந்தக் கல் பார்க்ஸ்டெட்டுக்கும் மோர்வேடலுக்கும் நடுவில், ஊர் எல்லை சரியாகத் தன் முதுகின்மேல் போகும்படி, புல்வெளியில் படுத்துக் கிடக்கிறது. அதன் பின்னால் ஒரு டிராக்டரை நிறுத்தினால் புகைக்குழாய் மட்டும்தான் தெரியும். பார்க்ஸ்டெட்காரர்களுக்கு அது ஓஷி. ஓஷி என்றால், பார்த்ததும் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொள்ள வைக்கிற எதுவும். உருளைக்கிழங்காக இருக்கலாம், பன்றியாகவும் இருக்கலாம். மோர்வேடல்காரர்களுக்கு அது கவென்ட்ஸ்மான். கப்பலை விழுங்க வரும் அலைக்குக் கடலோடிகள் வைத்த பெயர் அது. எப்படியோ கரையேறி இந்தப் புல்வெளி வரைக்கும் வந்துவிட்டது. இரண்டு சொல்லையும் கையை அகல விரிக்காமல் இதுவரை யாரும் சொன்னதில்லை. எது பெரிய சொல் என்ற வழக்கு மட்டும் பீர்க் கடையில் வெகு காலமாக நிலுவையில் இருந்தது.

இந்த வசந்தத்தில் மாவட்ட அலுவலகம் புல்வெளி வழியாக ஒரு சைக்கிள் பாதை போட்டது. வெளிநாட்டார் வருவார்கள், கல்லுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு பலகை வையுங்கள் என்று இரண்டு ஊருக்கும் கடிதம் போட்டது. ஒரு ஊருக்கு மட்டும் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. பார்க்ஸ்டெட் ஊர்ச் சங்கத்தின் தலைவர் டீட்மார், ஹில்கேயின் அப்பா, உருளைக்கிழங்கு விவசாயி. மோர்வேடல் ஊர்ச் சங்கத்தின் தலைவர் எக்கர்ட், அவளுடைய மாமனார், ஆட்டுப்பண்ணைக்காரர். நான் பெற்ற பெண் எதிரிக்கு எழுதிக் கொடுப்பாளா என்று இவர் நினைத்தார். என் வீட்டுக்கு வந்த மருமகள் அந்தப் பக்கம் போவாளா என்று அவர் நினைத்தார்.

ஹில்கேக்கு மொழிபெயர்ப்புதான் தொழில். கிழங்கு தோண்டும் இயந்திரங்களின் கையேடுகளைப் பதினோரு வருஷமாக ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கையேடும் 'முதலில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொள்ளவும்' என்றுதான் ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு எல்லாம் மில்லிமீட்டர். இத்தனை வருஷத்தில் ஒரு சொல்லைக்கூடத் தப்பாகப் பெயர்த்ததில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. ஆனால் தொப்பியைப் பின்னால் தள்ள வைக்கிற சொல் எதுவும் அந்தக் கையேடுகளில் வந்ததில்லை. அகராதியைப் புரட்டினாள். அது ஓஷிக்கும் கவென்ட்ஸ்மானுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லைக் கொடுத்துவிட்டுக் கைகழுவிக்கொண்டது.

ஒரே சொல்லை இரண்டு பேருக்கும் கொடுத்தால் குட்டு உடைந்துவிடும். குட்டு உடைந்தால் ஞானஸ்நானம் போய்விடும்.

அவளுடைய கவலையெல்லாம் அதுதான். மூன்று வாரத்தில் அவள் மகன் யாஸ்பருக்கு ஞானஸ்நானம். பிறக்கும்போதே ஐந்து கிலோவுக்கு மேல் இருந்த பிள்ளை. கல்யாணத்தன்று முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்த இரண்டு சம்பந்திகளும் அவனைப் பார்த்த பிறகுதான் ஒருவருக்கொருவர் தலையாட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஒரே மேசையில் இரண்டு தாத்தாவும் உட்கார்ந்து ஒரே கேக்கை வெட்டித் தின்பதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை.

ஆகவே அப்பாவுக்கு 'ஜெயண்ட்' என்று எழுதிக் கொடுத்தாள். மாமனாருக்கு வேறு ஏதாவது தேடிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அதற்குள் பார்க்ஸ்டெட் பலகை ஏறிவிட்டது. எக்கர்ட் அதைப் போய்ப் பார்த்து, எழுத்துகளை எண்ணி, நேராக ஹில்கேயின் வீட்டுக்கு வந்தார்.

"அவங்களுக்கு இங்கிலீஷ்ல அஞ்சு எழுத்து. கவென்ட்ஸ்மான் நம்ம பாஷையில பதினோரு எழுத்தும்மா. அதுக்குத் தக்கபடி பாத்துக் குடு."

பெரிய சாமானுக்குப் பெரிய சொல்தான் இருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தங்கள் பாஷையில் ஆறேழு சொற்களை ஒன்றாக ஒட்டி ஒரே சொல்லாக்கி அதில் குடியிருக்கிற ஜனங்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? ஹில்கே தேடித் தேடி ஒன்பது எழுத்தில் 'ஹ்யூமங்கஸ்' என்று ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். எக்கர்ட் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, வாய் நிறைகிறது என்று திருப்தியோடு போனார்.

மோர்வேடல் பலகை ஏறிய மறுநாள் காலை ஏழு மணிக்கு டீட்மார் வந்துவிட்டார்.

"ஹாம்பர்க்ல யாரையோ பிடிச்சு எழுதி வாங்கியிருக்கான். நம்ம ஊர்ல அந்த மாதிரி வார்த்தை யாருக்கு வரும்?"

ஹில்கே காப்பியைப் பார்த்துக்கொண்டே, யாரோ கெட்டிக்கார ஆளாகத்தான் இருக்கும் என்றாள். தன்னைத்தானே புகழ்ந்துகொள்ள அவளுக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது.

அன்று அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். நியாயம் என்றால் மில்லிமீட்டர் கணக்கில் நியாயம். அப்பாவுக்கு 'இனார்மஸ்', மாமனாருக்கு 'ஜைகாண்டிக்'; இரண்டுக்கும் ஆங்கிலத்தில் எட்டே எழுத்து, ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒன்பதிலிருந்து எட்டுக்கு ஏன் இறங்க வேண்டும் என்று எக்கர்ட் கேட்டார். ஹ்யூமங்கஸ் கொச்சைப் பேச்சு, இது படித்தவர்கள் சொல்வது என்று சமாளித்தாள். படித்தவர்கள் என்றதும் அவர் ஒத்துக்கொண்டார்.

இரண்டு பலகையும் மாறின. ஒரு நாள் அமைதியாகப் போயிற்று. அதற்குள் டீட்மார் அந்தப் பக்கத்து எட்டில் ஒரு எழுத்து அகலமாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டு கையில் அளவு நாடாவோடு வந்தார். ஹில்கேக்குப் பொறுமை போய்விட்டது.

"இங்கிலீஷ்காரங்க எழுத்தையெல்லாம் எண்ண மாட்டாங்கப்பா. தூரத்துல இருந்து பாத்தா கண்ணுக்குத் தெரியுதா, அவ்வளவுதான்."

மாமனார் வந்தபோதும் நியாயத்துக்குக் குறைவில்லாமல் அதையே சொன்னாள். இப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் உலகத்தில் குறைவு.

அந்த வாரம் லூடருக்குச் சாப்பிட நேரமில்லை. இரண்டு ஊருக்கும் அவர் ஒருவர்தான் தச்சர். இளமையில் கப்பல்களில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்து தங்கிவிட்ட மனிதர். ஆணியை வாயில் வைத்துக்கொண்டிருப்பதால் பேச்சு குறைவு. திங்கட்கிழமை அவர் பார்க்ஸ்டெட்டுக்குக் கதவு அளவில் ஒரு பலகை செய்தார். புதன்கிழமை மோர்வேடலுக்குக் கொட்டகைக் கதவு அளவில் ஒன்று செய்தார். வியாழக்கிழமை பார்க்ஸ்டெட்காரர்கள் தங்கள் பலகையை எடுத்துக்கொண்டு வந்து, இதோடு இன்னொன்றை ஒட்டித் தாருங்கள் என்றார்கள். ஆணியை வாயிலிருந்து எடுக்காமலே சரி என்று தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை டீட்மார் முன்வாசல் வழியாக வந்தார். தூரத்திலிருந்து சிவப்பு நன்றாகத் தெரியுமா, கறுப்பு நன்றாகத் தெரியுமா என்று கேட்க வந்திருந்தார். அதே நேரத்தில் எக்கர்ட் அடுப்படி வழியாக வந்தார். அவருக்கும் அதே சந்தேகம். நடுவில் மேசை, மேசைமேல் ஓஷிச் சீட்டும் கவென்ட்ஸ்மான் சீட்டும் பக்கத்தில் பக்கத்தில். ஹில்கேயின் மடியில் யாஸ்பர் பால் குடித்துவிட்டு ஏப்பம் விட்டான். இரண்டு பேரும் குனிந்து இரண்டு சீட்டையும் படித்தார்கள்.

"அந்த ஹாம்பர்க் ஆளு நீதானா?" என்றார் டீட்மார்.

"கல்லு ஒண்ணுதானேப்பா. எழுதுற ஆளும் ஒண்ணா இருந்தா என்ன?"

யாரும் அதை ரசிக்கவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்ததோடு ஊரையும் கட்டிக்கொடுத்துவிட்டேன் என்றார் அப்பா. இந்த வீட்டில் இருந்துகொண்டே அந்த ஊருக்கு ஜெயண்ட் கொடுத்திருக்கிறாய் என்றார் மாமனார். கடைசியில் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: அந்த ஆள் உட்காருகிற மேசையில் நான் உட்காரமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம், இது வெள்ளிக்கிழமை.

கணவன் மால்டே வேலையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் கேட்டான். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், கூடத்தில் ஒரு மேசையும் கொட்டகையில் ஒரு மேசையும் போட்டுவிடலாமா, பிள்ளையை அரை மணிக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்ளட்டும் என்றான். ஹில்கே சிரிக்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது. அவன் உடனே வாயை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

சனிக்கிழமை காலையில் இரண்டு ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களும் வந்து கடைசிப் பலகைகளைத் தூக்கி நிறுத்தினார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நடுவில் கல் இருப்பதே தெரியவில்லை. இரண்டுக்கும் இடையில் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்றுதான் எட்டிப் பார்த்தது. வேலை முடிந்ததும் தொண்டர்கள் பீருக்காகத் தத்தம் ஊருக்குப் போனார்கள். இரண்டு தலைவர்களும் தத்தம் பலகைக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். லூடர் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஹில்கே பிள்ளையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். கடைசியாக ஒரு தடவை கெஞ்சிப் பார்ப்பதாக எண்ணம்.

அப்போதுதான் பாதையில் மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு அம்மாள் சைக்கிளில் வந்தாள். கூடையில் சின்னதாக ஆங்கிலேயக் கொடி. பாதை திறந்து இத்தனை நாளில் வந்த முதல் வெளிநாட்டார். அவள் இறங்கி, சைக்கிளைப் பலகைமீது சாய்த்துவிட்டு, நிமிர்ந்து இந்தப் பலகையைப் பார்த்தாள். அந்தப் பலகையைப் பார்த்தாள். டீட்மார் தொப்பியைக் கழற்றினார். எக்கர்ட் தொண்டையைச் செருமிக்கொண்டார். தீர்ப்பு வரப்போகிறது என்று இருவருமே ஓரடி முன்னால் வந்தார்கள்.

அந்த அம்மாள் ஹில்கேயைப் பார்த்து மளமளவென்று ஏதோ சொன்னாள். சொல்லும்போது பலகையின் அடிப்பக்கமாக, சைக்கிள் சாய்ந்திருந்த இடத்தைக் கையால் காட்டினாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார்கள் இருவரும்.

ஹில்கே அந்த அம்மாளைப் பார்த்தாள். பிறகு அப்பாவை, மாமனாரை, வண்டியில் காலை உதைத்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தாள்.

"பலகை ரெண்டும் ரொம்ப அழகா இருக்காம். காத்துல சாயாம இருக்க அடியில ஒரு சின்னக் கல்லை முட்டுக் குடுத்து வெச்சிருக்கீங்களே, அது நல்ல யோசனையாம்."

புல்வெளியில் சுத்தியல் சத்தம் நின்றுபோயிற்று.

ஹில்கே ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசி, மோர்வேடல் தீயணைப்புக் கொட்டகை இருக்கும் திசையைக் காட்டினாள். மால்டே அங்கேதான் இருந்தான். அந்த அம்மாள் நன்றி சொல்லிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்து போனாள்.

"சின்னக் கல்லாம்," என்றார் எக்கர்ட்.

"நம்ம கல்லை," என்றார் டீட்மார்.

"கேட்டீங்களா சம்பந்தி, முட்டுக் குடுத்திருக்கோமாம்."

சம்பந்தி என்ற சொல் மாமனாரின் வாயிலிருந்து வந்ததை ஹில்கே அன்றுதான் கேட்டாள். அடுத்த அரை மணியில் இரண்டு பேரும் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, முதலில் பார்க்ஸ்டெட் பலகையைச் சாய்த்தார்கள், பிறகு மோர்வேடல் பலகையை. யாருடையதை முதலில் சாய்ப்பது என்றுகூடச் சண்டை வரவில்லை. கல் பழையபடி வெயிலில் படுத்திருந்தது. இருவரும் பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தார்கள். எக்கர்ட் தன் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். டீட்மார் கையை அகல விரித்தார்.

கல்லைப் பார்த்தாலே தெரிகிறதே, இதற்குப் பலகை எதற்கு என்று ஒருவர் சொல்ல, நானும் அதைத்தான் முதலிலிருந்தே சொல்கிறேன் என்று மற்றவர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் முடிந்து எல்லோரும் மால்டேயின் முற்றத்தில் கூடினார்கள். லூடர் இரண்டு பலகையையும் குப்புறப் போட்டு, ஒன்றோடு ஒன்று சேர்த்து, கீழே மரக்கால் கொடுத்து ஒரே மேசையாக்கியிருந்தார். இரண்டு ஊரும் உட்கார்ந்தும் இடம் மிச்சம் இருந்தது. தலைமாட்டில் இரண்டு தாத்தாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே கேக்கை வெட்டிக்கொண்டு, மடியில் இருந்த யாஸ்பர் ஓஷியா கவென்ட்ஸ்மானா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை இரண்டு பேருக்கும் தோற்பதில் ஆட்சேபணை இல்லை. ஹில்கே தூரத்தில் காப்பிக் கெண்டியோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வயிறு நிறைந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

லூடர் தன் கோப்பையை நீட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தார். இன்றைக்கு அவர் வாயில் ஆணி இல்லை. காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, தலைமாட்டுப் பக்கம் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"நான் ஆறு வருஷம் இங்கிலீஷ் கப்பல்ல தச்சனா இருந்தவன்மா. அந்தம்மா கேட்டது, சைக்கிள் சீட்டு கழண்டு ஆடுது, ஒரு ஸ்க்ரூ டிரைவர் கிடைக்குமான்னுதானே?"