மாமனார் நெற்றியில் அகஸ்டஸ்

கம்பம்,
கார்த்திகை 22

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மூத்த மச்சான் ஓடைப்பட்டி தங்கபாண்டி அவர்களுக்கு, தங்கள் தங்கை முத்துமாரியம்மாளின் கணவனும், ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநருமான நல்லகண்ணு இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம் என்றுதான் வழக்கப்படி எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அங்கே தாங்களும், அக்காவும், இளைய மச்சான் பாண்டீஸ்வரனும், பந்தலில் தொங்கும் விதையில்லாத் திராட்சையும் நலமாயிருக்க வீரபாண்டி மாரியம்மனை வேண்டுகிறேன்.

இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று நினைக்க வேண்டாம். ஒரு தடவை நேரில் வந்தேன், தோட்டத்துக் கேட்டைப் பூட்டிவிட்டீர்கள். போனில் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டீர்கள். வாட்ஸப்பில் நீங்கள் டிராக்டரில் சாய்ந்து நின்ற படம் போய், சாம்பல் நிறத்தில் ஒரு மொட்டைத் தலை நிற்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக் காசில் தேய்ந்து போன தலையைக்கூட இன்னார் என்று சொல்லிவிடுவேன், அந்தத் தலையைப் பார்த்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆகவே ஐந்து ரூபாய் உறை வாங்கி எழுதுகிறேன். தயவுசெய்து கிழிக்காமல் கடைசிவரை படியுங்கள். என் மகள் அபிதா கல்யாணத்துக்கு ஐம்பது நாள்கூட இல்லை. தாய்மாமன் இல்லாமல் எந்த முகத்தோடு மண்டபத்து வாசலில் நிற்பேன்?

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் என் காசுப் பைத்தியம், ஒத்துக்கொள்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் கம்பம் குமுளி தடத்தில் தோல்பையும் விசிலுமாக நின்றவன். சில்லறைக்காகப் பயணிகளிடம் நான் பட்ட பாடும், அவர்களைப் படுத்திய பாடும் கொஞ்சமில்லை. ஓய்வு பெற்றதும் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. காசு குலுங்கும் சத்தம் இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதுதான் மதுரையில் ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போய், ரோமாபுரிக் காசைக் கண்ணால் பார்த்தேன், அன்றோடு தொலைந்தேன். "செல்ற காசையே சேக்கத் தெரியாத மனுசன், செல்லாக் காசைச் சேக்குறாரு" என்று உங்கள் தங்கை தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். சிரித்தால் பரவாயில்லை, போன பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போது நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த நாலு ரோமச் செப்புக் காசுகளைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டு விளக்கி, குங்குமம் வைத்து, சாமி அலமாரியில் வரிசையாக உட்கார வைத்துவிட்டாள். ஆயிரத்து எழுநூறு வருஷமாக ஏறியிருந்த பச்சைக் களிம்பு அரை மணி நேரத்தில் சாக்கடைக்குப் போய்விட்டது மச்சான்! "பழைய காசைக் கழுவவே கூடாது, அதுல ஒட்டியிருக்கிற அழுக்குலதான் எல்லாமே இருக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டு கத்தினேன். "அழுக்குல அப்படி என்னங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு மிச்சப் பாத்திரத்தை விளக்கப் போய்விட்டாள். அன்று முதல் நல்ல காசு எதுவானாலும் வீட்டில் வைக்காமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அதுதான் வினையாகப் போயிற்று.

அந்த வெள்ளிக் காசு ஐப்பசி மாதம் ரசீதோடு முறைப்படி வாங்கியது. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் அகஸ்டஸ் ராஜாவின் தலை, அதில் இலைமாலை. மறுபக்கம் இரண்டு இளவட்டங்கள் நடுவில் கேடயத்தை ஊன்றிக்கொண்டு நிற்கிறார்கள், பின்னால் ஈட்டி, மேலே பூசாரிமார் பிடிக்கிற ஒரு கோலும் ஒரு கரண்டியும். ராஜாவுக்கு ஆண் வாரிசு இல்லை, ஆகவே மகள் வயிற்றுப் பேரன்கள் இரண்டு பேரையும் தத்தெடுத்து, எனக்குப் பின்னால் இவர்கள்தான் என்று ஊருக்கெல்லாம் காசில் அடித்துச் சொல்லிவிட்டார். மிளகு வாங்குவதற்காக நம் பக்கம் கப்பல் கப்பலாக வந்த காசு இது. நான் டிக்கெட் கிழித்த குமுளி மலைப்பாதையில் அந்தக் காசும் யாரோ ஒருத்தன் மடியில் இறங்கி வந்திருக்கும் என்று எனக்கு ஒரு நப்பாசை. அத்தாட்சி கேட்காதீர்கள், கிடையாது.

உங்கள் அப்பா, என் மாமா, தவறிப்போன அன்று விடியக்காலையில் உங்கள் போன் வந்ததும் போட்ட சட்டையோடு ஓடி வந்தோம். பையில் காசு இருந்ததே எனக்கு நினைவில்லை. சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு வாசலில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே உங்கள் அத்தை சோணையம்மாள், "ஒத்த ரூவாக் காசு குடுங்கய்யா, நெத்தியில வைக்கணும்" என்று கேட்டது காதில் விழுந்தது. இருபது ஆம்பளைகள் பையைத் தட்டினார்கள், இருபது பேரிடமும் செல்போன்தான் இருந்தது. "ஸ்கேன் பண்ணி அனுப்பவா?" என்று எவனோ கேட்டு அடி வாங்கியதும் கேட்டது. அப்போது நீங்கள்தான் மச்சான், "கண்டக்டர் மாப்பிள்ளை சட்டையில பாருங்கப்பா, அவுககிட்ட இல்லாத சில்லறையா?" என்று சொல்லி, நீங்களே கையை விட்டு, பிளாஸ்டிக் உறையைப் பிரித்து எடுத்துக் கொடுத்தீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். துக்கத்தில் இருந்தவருக்குக் காசு ஏது, கண் ஏது.

நான் மாலையோடு உள்ளே வந்து குனிந்தால், மாமா நெற்றியில் சந்தனத்துக்கு நடுவில் அகஸ்டஸ் ராஜா சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த அழுகையை அடக்க முடியவில்லை. "மருமகன்னா இப்படி இருக்கணும், பெத்த புள்ளைககூட இப்படி அழுகல" என்று சனம் மெச்சியது. மாமா மேல் எனக்குப் பிரியம் இல்லாமலில்லை மச்சான், பொண்ணு கேட்டு வந்தபோது கண்டக்டர் வேலை என்று ஊரே முகம் சுளித்த நேரத்தில், "தெனமும் நூறு பேருக்கு நாயமாச் சில்லறை குடுக்கிறவன், எம்மகளையும் நாயமா வச்சுக்குவான்" என்று சொன்னவர் அவர் ஒருத்தர்தான். அந்த அழுகையில் பாதி அவருக்காகத்தான். மறுபாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மாற்றிவிடலாம் என்றுதான் டீக்கடைக்கு ஓடினேன். அங்கேயும் ஸ்கேன் அட்டை, மீதிக்கு மிட்டாய். ஒரு ரூபாய்க் காசைப் பத்து ரூபாய் கொடுத்து வாங்கினேன். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் ஐம்பது பைசா மீதியை "இறங்கும்போது வாங்கிக்க" என்று சொல்லி ஏமாற்றிய பயணிகள் எல்லாரும் எங்கிருந்தோ சிரித்திருப்பார்கள். திரும்பி வந்து கதறி அழுகிற சாக்கில் மாமா மேல் விழுந்து, கட்டைவிரலால் காசின் ஓரத்தை லேசாக நெம்பினேனோ இல்லையோ, சோணையம்மாள் அத்தை போட்ட கூச்சல் சின்னமனூருக்கே கேட்டிருக்கும். "ஏலே பாண்டீசு, இங்கன ஓடியா! மாப்பிள்ளை நெத்திக்காசை நோண்டுறாக!"

வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் மட்டும்தான் போயிருக்கும். விளக்கப் போய்த்தான் உறவும் போயிற்று. இது சாதாரணக் காசில்லை, ரோமாபுரி ராஜா காசு என்றேன். அந்த ஊரிலும் செத்தவர் வாயில் காசு வைப்பார்கள், அக்கரைக்குக் கொண்டுபோகிற படகுக்காரனுக்கு அது டிக்கெட், ஆகவே மாமா டிக்கெட்டோடுதான் போகிறார் என்று ஆறுதலாகச் சொன்னேன். நாலு பேர் தலையாட்டவும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. படிக்கட்டில் நிற்கிறவனை உள்ளே அனுப்புகிற குரலில், மறுபக்கத்து இளவட்டங்கள் கதையையும் எடுத்துவிட்டேன். கூட்டத்தில் ஒரு பெருசு, "அம்புட்டுச் சொத்தும் அந்த ரெண்டு பயலுகளுக்குத்தான் போச்சாக்கும்?" என்று கேட்டார். "எங்க போச்சு! ரெண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்ச் சேந்துட்டாக. கடைசியில பொண்ணைக் கட்டுன மருமகன் திபேரியசுதான் அம்புட்டையும் ஆண்டு அனுபவிச்சாரு" என்றேன். சொல்லி முடிக்கவும் வாசலில் மேளக்காரர்கள் டீ குடிக்க மேளத்தை நிறுத்தவும் சரியாயிருந்தது. நீங்கள் மாமாவுக்கு வலப்பக்கம், இளைய மச்சான் இடப்பக்கம். தோட்டம் இன்னும் பாகம் பிரிக்கவில்லை. "அடடா, காசுல நிக்கிற மாதிரியே நிக்கிறீக" என்று அதையும் நானே சொல்லித் தொலைத்தேன்.

அதோடாவது விட்டேனா? மூன்றாம் நாள் பால் தெளித்து முடித்து எல்லாரும் திரும்பியதும், மயானத்தில் வேலை பார்க்கிறவரைத் தனியே பிடித்து, குழிக்குள் இறக்குமுன் வழக்கப்படி அவர் எடுத்துக்கொள்கிற நெற்றிக்காசைக் கேட்டேன். "நான் எடுத்தது ஒத்த ரூவாதான், இந்தாங்க, ஆசையாக் கேக்குறீக" என்று மஞ்சள் கறையோடு ஒரு சாதா ரூபாயைக் கையில் வைத்தார். அவர் கண்ணில் பொய் இல்லை. அப்படியானால் காசு எங்கே? யோசித்து யோசித்து, மூளை குழம்பி, மாமாவை எடுக்கும்போது தலைமாட்டில் நின்றவர் யார் என்று கணக்குப் போட்டு, காரியத்துக்கு வந்த அத்தனை பேர் நடுவிலும் உங்களிடம் வந்து, "மச்சான், உங்க சட்டைப் பையைக் கொஞ்சம் பாத்துக்கட்டுமா?" என்று கேட்டேன் பாருங்கள். என் சட்டைப் பையில் நீங்கள் கைவிட்டீர்களே, அதற்குப் பதில் என்று அந்த நேரத்தில் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. "அப்பனைப் புதைச்ச எடத்துல திருடுனேன்னு சொல்றீகளா?" என்று நீங்கள் கேட்டதை இப்போது நினைத்தாலும் சோற்றில் கை வைக்க முடியவில்லை.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. ஓய்வூதியக்காரன் பாஸை வைத்துக்கொண்டு ஓடைப்பட்டி பஸ்ஸில் ஏறுகிறேன், உங்கள் தோட்டத்து நிறுத்தத்தில் இறங்கத் தைரியமில்லாமல் அடுத்த ஊர் போய்த் திரும்புகிறேன். இதுவரை பதினொரு தடவை. புதுக் கண்டக்டர், "என்னண்ணே, எறங்க மாட்டீகளா?" என்று கேட்கிறான். பத்திரிகை அச்சடித்து வந்துவிட்டது, தாய்மாமன் என்று உங்கள் இருவர் பெயரும் முன்வரிசையில். கல்யாணத்தைத் தள்ளிப் போடக் கூடாது என்பது மாமா படுக்கையில் சொன்ன சொல், உங்களுக்கும் தெரியும். நேற்று அபிதா, "பெரிய மாமா மாலை எடுத்துக் குடுக்காம நான் மணவறையில உக்கார மாட்டேன்ப்பா. உங்க காசை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். உங்கள் தங்கையோ ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்துப் பார்த்துப் போகிறாள். அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

ஆகவே மச்சான், எழுத்தில் கொடுக்கிறேன். தோட்டத்தில் எனக்கோ, உங்கள் தங்கைக்கோ ஒரு கொத்துத் திராட்சைகூட வேண்டாம். திபேரியஸ் எக்கேடு கெட்டுப் போகட்டும், நான் உங்கள் வீட்டு மருமகன் நல்லகண்ணு, அவ்வளவுதான். உங்கள் பையைப் பார்க்கக் கேட்ட வாய்க்கு எந்தத் தண்டனையும் கொடுங்கள். காசு சேர்க்கிற பைத்தியத்தை இன்றோடு தலைமுழுகிவிட்டேன், இது மாரியம்மன் மேல் சத்தியம். அந்தக் காசு மண்ணோடு போனால் போகட்டும், மாமாவுக்குத்தானே போயிருக்கிறது. காசில் நின்ற இரண்டு பேரும் நிற்காமல் போனார்கள், என் மச்சான்மார் இரண்டு பேரும் என் மகளுக்கு இரண்டு பக்கமும் வந்து நின்றால் எனக்கு அதுவே ராஜ்யம்.

அக்காவுக்கு என் வணக்கம். இளைய மச்சானுக்கு என் மன்னிப்பு. சோணையம்மாள் அத்தையின் தொண்டை நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். நிறைந்த குடும்பமாக வந்திருந்து பிள்ளையை வாழ்த்த வேண்டும்.

தங்கள் வருகைக்கு வாசலிலேயே நிற்கும்,
நல்லகண்ணு

பின்குறிப்பு: ஒருவேளை, ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன், காசு உங்கள் பக்கம் எங்கேயாவது தட்டுப்பட்டால், தயவுசெய்து கழுவிவிடாதீர்கள்.

அண்ணே, நான் மாரி எழுதுறேன். போஸ்ட் பண்ணச் சொல்லி எங்கிட்டக் குடுத்தாரு, பிரிச்சுப் படிச்சுட்டேன். அந்தக் காசு எங்கிட்டத்தான் இருக்கு. அப்பாவுக்கு எண்ணெய் சீயக்காய் வைக்கக் கூப்பிட்டாகள்ல, அப்ப நான்தான் மாத்துனேன். ஊர் பேர் தெரியாத ராசாவோட அப்பாவை அனுப்ப எனக்கு மனசில்ல. அப்பா எந்திரிச்சு உக்காந்துட்டா கொண்டாறேன்னு வீரபாண்டி ஆத்தாளுக்கு ஒத்த ரூவாயை மஞ்சத்துணியில முடிஞ்சு முந்தியில வச்சிருந்தேன். அவர் எந்திரிக்கல. அதை அவருக்கே வச்சு அனுப்புனேன். அதைத்தான் இவர் போய் வாங்கிட்டு வந்து மேசையில போட்டு வச்சிருக்காரு, இன்னது என்னன்னு தெரியாம. உன்னையப் பையைக் காட்டச் சொன்ன அன்னைக்கே சொல்லியிருக்கணும். அப்ப எனக்கு இவர் மேல இருந்த கோவத்துல கொஞ்ச நாள் அலையட்டும்னு விட்டுட்டேன், நீ கோவிச்சுக்கிட்டுக் கேட்டைப் பூட்டுவேன்னு நெனைக்கல. என் மேல தப்பு. நீ வந்து நில்லு, காசை நான் தர்றேன், ஒன் கையால அவர்கிட்டக் குடு. தோட்டம் வேணாம்னு எழுதியிருக்காருல்ல, அதை நம்பிராத. எங்கப்பா தோட்டத்தை வேணாங்க இவர் யாரு? அதை நாம கல்யாணம் முடிஞ்சு பேசிக்கிருவோம். இன்னொண்ணு, இவர் காசைக் கழுவாத கழுவாதன்னு கத்துனப்ப எனக்கு வெளங்கல. இப்ப அப்பா நெத்திச் சந்தனம் அந்த ராசா மூஞ்சியில காஞ்சு ஒட்டிக் கெடக்கு. தெனம் எடுத்துப் பாக்குறேன், கழுவல.