துவக்கின் வயிற்றில் ஒரு சாரத்துண்டு

புது மருமகனுக்கு மாமனார் வீட்டில் ஒரு வேலையும் கொடுக்கமாட்டார்கள். கதிரையைப் போட்டு, தேத்தண்ணியைக் கொடுத்து, மின்விசிறியையும் அவன் பக்கம் திருப்பிவிடுவார்கள். மூன்றாவது தேத்தண்ணிக்குப் பிறகு அவனுக்கு மூளை வேலைசெய்யத் தொடங்கும். அங்கேதான் ஆபத்து. (என் மூளைக்கு இரண்டே போதுமாயிருந்தது.)

நான் சல்லி என்கிற கடற்கரை ஊர்க்காரன். பெண் எடுத்தது தம்பலகாமத்தில். மாமாவுக்கு அங்கே வயலும், அதை உழக்க வரும் பன்றிகளை வெருட்ட அனுமதிப்பத்திரத்தோடு ஒரு ஒற்றைக்குழல் துவக்கும் இருந்தன. கதிர் முற்றிவிட்ட காலம். அன்று பின்னேரம் மாமா துவக்கை இறக்கி, மடித்து, உள்ளே தோட்டா இல்லை என்று விரலாலும் தடவிப் பார்த்துவிட்டு, "குழல் துடைக்கவேணும்" என்றார். தோட்டாக்கள் எப்போதும் அலுமாரியில். திறப்பு அவர் இடுப்பில்.

"விடுங்கோ அப்பா, நான் செய்யிறன்" என்றாள் வதனி. என் மனைவி. பல்கலைக்கழகத்தில் துப்பாக்கி சுடும் அணியில் இருந்தவள். அங்கே வென்ற பதக்கங்களை, வீட்டுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து கும்பிடுகிற உயரத்தில் மாட்டி வைத்திருந்தாள். "கோல், தூரிகை எல்லாம் என்ர பெட்டிக்குள்ள கிடக்கு. குளிச்சிட்டு வாறன். அதுவரைக்கும் ஒருதரும் தொடாதேங்கோ."

ஒருதரும் என்றால் அதில் நானும் அடக்கம் என்று அப்போது விளங்கவில்லை.

குழாய் துடைக்கக் கோல் எதற்கு? கடற்கரைக்காரனிடம் தங்கூசி இருக்கிறதே! பையில் எப்போதும் கிடக்கும் தூண்டில் நூலை எடுத்தேன். ஒரு நுனியில் ஈயக்குண்டு, மறுநுனியில் மாமா உடுத்திக் கழித்த பழைய சாரத்தில் கிழித்த ஒரு துண்டு. (கொஞ்சம் தாராளமாகவே கிழித்துவிட்டேன்.) எண்ணெய்? எங்கள் அப்பா வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெயில் ஒரு போத்தல், மாமா வீட்டு வாசல் படலைக்குப் பூச ஆகுமென்று நானே கொண்டுவந்திருந்தேன். கடலையே மறிக்கிற எண்ணெய் ஒரு துவக்குக்குப் போதாதா?

துண்டை அதில் தோய்த்து, குண்டைக் குழலின் வாய்ப்பக்கமாக இறக்கினேன். பின்பக்கத்தால் அழகாக வந்து விழுந்தது. இழுத்தேன். துண்டு பாதி வழியில் நின்றுவிட்டது. பெரிய பாரை மீன் கொத்தினாற்போல் காலை உதைந்து இன்னும் இழுத்தேன். தங்கூசி அறுந்தது. குண்டு என் கையில். சாரம் துவக்கின் வயிற்றில்.

நல்ல மனிதன் ஒருவன் அந்த இடத்திலேயே ஆளைக் கூப்பிட்டிருப்பான். நான் துவக்கை மூடி ஆணியில் மாட்டிவிட்டு, இன்னொரு தேத்தண்ணி கேட்டேன். (யோசிக்கத்தான்.)

யோசனை வருமுன் மாமியின் பூனை வந்தது. சுவரடியில் குந்தி, துவக்கை அண்ணாந்து பார்த்து உருக்கமாய்க் கத்தியது.

"இதென்னடியப்பா, பூனை துவக்கைக் கும்பிடுது!" என்றார் மாமி.

அந்த நேரம் பார்த்து வயல் பக்கமிருந்து ஒரு குரல்: "அண்ணை, பன்றி இறங்கிட்டுது!"

மாமா தோட்டாக்களை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டு, துவக்கைத் தூக்கிவிட்டார். அடைத்த குழலில் வெடி தீர்த்தால் குழல் பிளக்கும், அதுவும் அவர் முகத்தடியில் பிளக்கும் என்பது எனக்கே தெரியும். பாய்ந்து வாசலை மறித்தேன்.

"மாமா, இண்டைக்குப் போக ஏலாது!"

"ஏன் தம்பி?"

"பன்றி... பாவம் மாமா."

போன கிழமை பன்றிக் கறியை மூன்றுதரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவனை மாமா மேலும் கீழும் பார்த்தார்.

"அப்பா, நில்லுங்கோ." ஈரத் தலையோடு, கையில் பெட்டியோடு வதனி வந்தாள். துவக்கை வாங்கி, வாயை நிலத்துக்குச் சரித்து, மடித்தாள். தோட்டா இல்லை. பிறகு பின்பக்கத்தால் குழலுக்குள் பார்த்தாள்.

"வெளிச்சம் தெரியேல்ல."

துவக்கை மூக்கருகில் பிடித்து மணந்தாள். அடுத்து என்னை மணந்தாள்.

"இஞ்சேருங்கோ, உள்ளுக்க மீன் வளர்க்கிறீங்களோ?"

நடந்ததைச் சொல்லிமுடித்தேன். மாமா தோட்டாக்களைத் திரும்ப அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

வதனி குழலைத் தனியே கழற்றிச் சாக்கில் கிடத்தினாள். பெட்டியைத் திறந்தாள். துண்டு துண்டாய்ப் பூட்டி நீளமாக்குகிற கோல், பித்தளைத் தூரிகை, சதுரமாய் வெட்டிய துணிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம்.

"பின்பக்கத்தாலதான் கோல் விடவேணும். வாய் விளிம்பு தேயக்கூடாது. இதுவும் வந்த வழியாலயே போகட்டும்."

அவசரமில்லாமல் தள்ளினாள். சாரத்துண்டு வாயால் வந்து விழுந்தது. பூனை அதைக் கவ்விக்கொண்டு வேலி தாண்டியது. பிறகு தூரிகை. பிறகு துணி, கறுப்பாய் வந்தது, இன்னொன்று, சாம்பல், வெள்ளையாய்ப் போனது வெள்ளையாகவே வரும்வரை விடவில்லை. கடைசியில் மெல்லிய எண்ணெய், தொட்டும் தொடாமலும். "கனக்க ஊத்தக்கூடாது. இதென்ன மீன் பொரியலோ?"

"வந்து பாருங்கோ" என்றாள். பார்த்தேன். வளையம் வளையமாய் மினுக்கம்; அதன் முடிவில் தம்பலகாமத்து வானம் ஒரு பொட்டளவில். அந்தப் பதக்கங்களை இன்னும் கொஞ்சம் உயரத்தில் மாட்டலாம் என்று பட்டது.

அன்றைக்குப் பன்றிகள் வயலின் ஒரு மூலையை ஆறுதலாய்ச் சாப்பிட்டுவிட்டுப் போயின. மாமா அதைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

இப்போதும் எல்லோருமாய்க் கோணேசர் கோயிலுக்குப் போனால், திரும்பும் வழியில் கண்டி வீதியில் இளநீர் குடிப்போம். கடைக்காரர் குழல் கொடுத்ததும் மாமா அதை ஒரு கண்ணில் பிடித்து வானத்தைப் பார்ப்பார். "வெளிச்சம் தெரியுது" என்பார். மாமியும் பார்ப்பார். "எனக்கும் தெரியுது." கடைக்காரர் தன் குழல்களைச் சந்தேகத்தோடு பார்ப்பார்.

என்னுடையதை மட்டும் வதனி வாங்கிப் பார்த்து, ஒருதரம் மணந்தும் பார்த்துவிட்டுத்தான் தருவாள்.