சமநிலைப் பிரிவின் சாதனை

மனிதன் இரண்டு காலில் நிற்கக் கற்றுப் பல லட்சம் வருடங்கள் ஆகின்றன என்று படித்தவர்கள் சொல்லித் திரிகிறார்கள். சுத்தப் பொய். அதுவரை அவன் ஏதோ விழாமல் இருந்தான், அவ்வளவுதான். 'முறைப்படி' நிற்பது என்பது அந்தப் பெரிய அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், சமநிலைப் பிரிவில்தான் பிறந்தது. அதைப் பெற்றெடுத்த புண்ணியவான் அந்தப் பிரிவின் அதிகாரி. ஊழியர்கள் அவரை 'நிதானம்' என்று அழைத்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான், இருந்தாலும் மரியாதையாகத்தான்.

பிரிவு தோன்றிய கதை உருக்கமானது. மேலாளர் ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்து, சுழல்நாற்காலியிலிருந்து தொப்பென்று விழுந்தார். உடனே அவசரக் கூட்டம் கூடியது. ஏணியில் ஏறும் ஊழியர்கள் அனைவருக்கும் சமநிலைத் தேர்வு வைப்பதென்று ஏகமனதாக முடிவாயிற்று. நாற்காலிக்கும் ஏணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற விதண்டாவாதி எந்தக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். அன்று அவர் விடுப்பில் இருந்தார்.

தேர்வு எளிது. மெத்தென்ற பஞ்சுத் திண்டின்மேல் ஒற்றைக்காலில் அரை நிமிடம் நிற்க வேண்டும். முதல் நாள் நிதானம், "நில்லுங்க" என்று மட்டும் சொன்னார். பெயிண்டர் நின்றார். குழாய்க்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டே நின்றார். எல்லோரும் தேறிவிட்டார்கள். நிதானம் கணக்குப் போட்டுப் பார்த்தார். எல்லோருக்கும் நிற்கத் தெரியும் என்றால் அப்புறம் பிரிவு எதற்கு, அதிகாரி எதற்கு?

அந்தத் தேர்வைச் செல்லாது என்று அறிவித்துவிட்டு, 'வாய்மொழி அறிவுறுத்தல்' ஒன்றைத் தயாரித்தார். மறுதேர்வில் அதைக் கணீரென்று முழங்கினார்.

"பெருவிரலை நினைங்க. நினைச்சாச்சா? இப்ப கணுக்காலை நினைங்க, பெருவிரலை மறந்துடாதீங்க. முட்டி லேசா மடங்கணும், ஆனா மடங்கக் கூடாது. இடுப்பு எங்க இருக்குன்னு கவனிங்க. மூச்சு விடறீங்களா? யாரைக் கேட்டு விட்டீங்க? முக்கியமா, விழுந்துடாதீங்க!"

பெயிண்டர் இடுப்பு வரைக்கும் தாக்குப்பிடித்தார். குழாய்க்காரர் கணுக்காலிலேயே சாய்ந்துவிட்டார்.

"இத்தனை வருஷமா என் கால் அதுபாட்டுக்கு நின்னுச்சு சார். நீங்க விசாரிச்சதும் அதுக்கே சந்தேகம் வந்துருச்சு" என்றார், தரையில் கிடந்தபடி.

"பாத்தீங்களா! உங்களுக்குள்ள இவ்வளவு பெரிய குறை இருந்திருக்கு. யாருமே கண்டுபிடிக்கலையே!" என்று நிதானம் கண் கலங்கினார். என்ன ஒரு கருணை!

ஏணி ஏற அனுமதி உள்ளவர் ஒருவரும் மிஞ்சவில்லை. தாழ்வாரத்து விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மாற்ற ஆளில்லை. இருட்டில் ஊழியர்கள் மண்டையோடு மண்டை முட்டிக்கொண்டார்கள். அதுவும் சமநிலைக் குறைபாடு என்றே அறிக்கையில் ஏறியது.

தேர்வு எழுதாத, மன்னிக்கவும், தேர்வு நிற்காத ஆள் ஒருவர்தான் பாக்கி. மின்பராமரிப்பு ஊழியர். அவர் நிதானத்தின் சொந்த மனைவி.

அன்று மாலை வீட்டில் அந்த அம்மாள் ஸ்டூல்மேல் ஏறி, ஒரு காலை அந்தரத்தில் வீசிக்கொண்டு, மின்விசிறியைத் துடைத்தபடியே கேட்டாள்.

"நாளைக்கு எனக்கு டெஸ்டாமே?"

"ஆமாம்மா. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"நான் விழுந்தா என்னைக் கீழ புகார் ஜன்னல்ல உக்கார வச்சிடுவாங்க. நாள் பூரா ஊர்ல இருக்கறவன் திட்டறதை வாங்கிக் கட்டிக்கிட்டு வருவேன். சாயங்காலம் அதை யார் தலையில கொட்டுவேன்னு நினைக்கிறீங்க?"

நிதானம் ஒன்றும் நினைக்கவில்லை. நினைக்கவே பயமாக இருந்தது.

"நீங்க வாயை மட்டும் தொறக்காதீங்க, போதும்."

"வாயைத் தொறக்கறதுதாண்டி என் உத்தியோகமே!"

உண்மைதான். மறுநாள் மேலாளரே தேர்வைப் பார்க்க வருவதாக இருந்தார். பிரிவால் பிரயோஜனம் இல்லையென்றால் இழுத்து மூடிவிட்டு, நிதானத்தைப் பழையபடி அடித்தளத்துத் தபால் அறைக்கே அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார். ஒரு பக்கம் உத்தியோகம், மறுபக்கம் தாம்பத்தியம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

மறுநாள் அவள் திண்டின்மேல் ஏறி ஒரு காலைத் தூக்கினாள்.

"மேடம், பெருவிரலை நினைங்க" என்று ஆரம்பித்தார் நிதானம்.

'மேடம்' என்றதுமே அவள் ஒரு முறை முறைத்தாள். கணுக்காலில் ஆட்டம் கண்டது. முட்டி வந்ததும் கைகள் இரண்டும் காற்றைத் துழாவின. அவள் கண்ணில் புகார் ஜன்னல் தெரிந்தது. நிதானத்துக்கும் அது தெரிந்துவிட்டது. அறிவுறுத்தல் மறந்து, கட்டிய கணவனின் குரல் வெளியே வந்தது.

"அடியே, அந்த மூலை லைட்டு ஏன்டி கண்ணடிக்குது?"

அவள் பார்வை விளக்குக்குப் போயிற்று. "ஸ்டார்ட்டர் போயிருக்கும். போன மாசமே சொன்னேன், யார் காதுல விழுந்துச்சு? அந்த ஒயரையும் சேத்து மாத்தணும். எவனோ அரைகுறையா முறுக்கி விட்டிருக்கான்..." அரை நிமிடம் போய், ஒரு நிமிடமும் போயிற்று. அவள் அசையவில்லை, திட்டுவதை நிறுத்தவும் இல்லை.

"இந்தம்மா மட்டும் எப்படிய்யா நின்னாங்க?" என்று வியந்தார் மேலாளர்.

'நான் அறிவுறுத்தலை நிறுத்தினேன், அவள் நின்றாள்' என்ற உண்மை நிதானத்தின் தொண்டைவரை வந்தது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

"என் பயிற்சி சார். வீட்டுலயே தனியா குடுத்தேன்."

"அப்ப மத்தவங்க விழுந்தது?"

"பயிற்சி பத்தலை சார்."

மேலாளருக்கு மெய்சிலிர்த்தது. "நிக்கக்கூடத் தெரியாமயா இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினாங்க! பிரிவை மூடறதாவது? இன்னும் பெருசாக்கறேன். இனிமே மாடிப்படி, தாழ்வாரம் எல்லாம் உங்க பொறுப்பு."

படிக்குப் படி ஒலிபெருக்கி வந்தது. "வலது குதிகாலை நினைங்க, இடது முட்டியை மறக்காதீங்க" என்று நிதானத்தின் குரல் நாள் முழுக்க ஒலித்தது. முதல் வாரம் ஊழியர்கள் உருண்டு வந்தார்கள். பிறகு யாரோ ஒரு மேதை தவழ்ந்து வந்தார். அதைப் பார்த்து அனைவரும் தவழ்ந்தார்கள். தட்டச்சர் கோப்பைப் பல்லில் கவ்விக்கொண்டு தவழ்ந்தார். மேலாளரும் முன்மாதிரியாகத் தவழ்ந்தார். விழுந்தவர் எண்ணிக்கை பூஜ்யத்தைத் தொட்டது. நிதானத்துக்குக் கேடயம் கொடுத்தார்கள். அவரும் மேடைக்குத் தவழ்ந்துபோய் வாங்கிக்கொண்டார்.

ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு, மேலே விளக்குகளைப் பார்த்தபடி அவர் மனைவி மட்டும் நடந்து வந்தாள்.

"என்னங்க இந்தக் கண்றாவி?"

"உஷ்! ஒருத்தராவது விழறாங்களா, பாரு!" என்றார் நிதானம், தரையிலிருந்து பெருமையாக.

மறுநாள் கணவரின் கையெழுத்தோடு அவளுக்கு ஒரு குறிப்பாணை வந்தது: "அலுவலகமே தவழும்போது தாங்கள் மட்டும் நிமிர்ந்து நடந்ததற்கு உடனே விளக்கம் அளிக்கவும்."